நாள்பட்ட லுகேமியாவில் டி செல்கள்: ஓர் ஆய்வின் வரலாறு

நாள்பட்ட லிம்ஃபோசைட் லுகேமியா என்பது ஒரேயொரு பி செல் கட்டுமீறிப் பெருகி, தன்னைப் போன்ற கோடானுகோடி அணுக்களை இரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் சேர்த்துவிடும் நோய். பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் லுகேமியா இதுதான். இந்தியாவிலும் சீனாவிலும் ஜப்பானிலும் மிகக் குறைவு. மெல்ல நகரும் நோய் என்பதால் பலர் ஆண்டுக்கணக்கில் சிகிச்சையே இல்லாமல் வாழ்கிறார்கள். இருந்தும் இந்நோயாளிகளின் இறப்புக்குத் தொற்றுநோய்கள் ஒரு முக்கியக் காரணமாக இருந்து வந்திருக்கின்றன. அது ஏன் என்று தேடிப் போன வழியில்தான் மருத்துவ உலகம் டி செல்களிடம் வந்து சேர்ந்தது. இந்த நோயில் டி செல்கள் புற்றணுக்களாக மாறுவதில்லை. ஆனாலும் அவற்றின் எண்ணிக்கை, வகை, வேலைத்திறன் ஆகிய மூன்றும் மாறிவிடுகின்றன. நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டதற்கும் இந்த மாற்றம் கண்ணில் பட்டதற்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தது. புற்றணுக் கூட்டத்தின் நடுவே சிறுபான்மையாக நிற்கும் இந்த அணுக்களைத் தனியே பிரித்துப் பார்க்கும் கருவி அதுவரை யார் கையிலும் இல்லை.

லுகேமியாவின் எழுத்துப் பதிவு 1845-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு எடின்பரோவில் ஜான் ஹ்யூஸ் பென்னட், 28 வயதுக் கூரைத் தொழிலாளி ஒருவரின் பிணக்கூறாய்வை வெளியிட்டார். இரத்தமே சீழ் பிடித்துவிட்டது என்பது அவருடைய முடிவு. சில வாரங்களில் பெர்லினில் ருடால்ஃப் விர்ச்சோ, ஐம்பது வயதுச் சமையல்காரப் பெண் ஒருவரின் உடலில் கண்டதை எழுதினார். விர்ச்சோவுக்கு அப்போது வயது 24. எங்கும் சீழ்க்கட்டி இல்லாதபோது இதைச் சீழ் என்று எப்படிச் சொல்வது என்று அவர் தயங்கினார். வெள்ளணுக்களின் பெருக்கமே நோய் என்ற திசையில் அவர் சிந்தனை சென்றது. அடுத்த பத்தாண்டில், மண்ணீரல் வீங்கும் வகை, நிணநீர்க் கணுக்கள் வீங்கும் வகை என்று நோயை இரண்டாகப் பிரித்தார். இரண்டாவது வகையில்தான் இன்றைய நாள்பட்ட லிம்ஃபோசைட் லுகேமியாவின் முன்வடிவம் இருக்கிறது.

அதன்பின் சாயங்களின் காலம். பால் எர்லிக் 1870களின் இறுதியில் அனிலின் சாயங்களைக் கொண்டு இரத்த அணுக்களை வகைபிரிக்கத் தொடங்கியதும், வெள்ளணு என்று ஒன்றாகச் சொல்லப்பட்டவை பல இனங்களாகப் பிரிந்தன. லிம்ஃபோசைட்டுகள் தனித்துத் தெரிந்தன. 1896-இல் ஃபெர்டினாண்ட் கும்ப்ரெக்ட் ஒரு விந்தையைக் குறித்தார். இந்நோயாளிகளின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்தால் பல அணுக்கள் உடைந்து, உருவமற்ற ஊதாக் கறைகளாகப் படிந்துவிடும். நோயணுக்களின் உறை அவ்வளவு மெலிந்தது. இன்றும் இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் இந்தக் கறைகளைக் கண்டதும் நோயின் மீது சந்தேகம் எழும். 1903-இல் வியன்னாவின் வில்ஹெல்ம் தூர்க் நோயின் இலக்கணத்தை ஒழுங்குபடுத்தினார். 1924-இல் பாஸ்டனில் ஜார்ஜ் மைனட்டும் ராஃபேல் ஐசக்ஸும் 80 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து, எக்ஸ்ரே சிகிச்சை வீக்கத்தைக் குறைத்ததே தவிர வாழ்நாளை நீட்டவில்லை என்று காட்டினார்கள். இத்தனை பேரின் கவனமும் பெருகி நின்ற அணுவின் மீதே இருந்தது. சாயமிட்ட தகட்டில் எல்லா லிம்ஃபோசைட்டும் ஒரே மாதிரி உருண்டையாக, நீல உட்கருவோடு தெரியும். அவற்றுள் இரண்டு இனங்கள் இருக்கலாம் என்று நினைக்க எந்த முகாந்திரமும் இல்லை.

ஒரு முரண்பாடு மட்டும் மருத்துவமனைப் படுக்கைகளில் திரும்பத் திரும்ப வந்தது. இரத்தத்தில் லிம்ஃபோசைட்டுகள் இயல்பைவிட இருபது மடங்கு, ஐம்பது மடங்கு இருக்கும் மனிதர் சாதாரண நிமோனியாவுக்குத் தோற்றார். அக்கி அவருக்கு மற்றவர்களைவிட அடிக்கடி வந்தது, கடுமையாகவும் வந்தது. பெரியம்மைத் தடுப்பூசி குத்திய இடம் ஆறாமல் பரவி உயிராபத்தில் முடிந்த நிகழ்வுகளும் பதிவாயின. இரத்தப் புரதங்களைப் பிரித்து அளக்கும் முறை பரவியபின், பலரிடம் காமா குளோபுலின் வெகுவாகக் குறைந்திருப்பது தெரிந்தது. பாக்டீரியத் தொற்றுகளுக்கு அது விளக்கம் தந்தது. ஆனால் அக்கியும் பெரியம்மைத் தடுப்பூசி வைரஸும் அந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. தோலுக்கடியில் சோதனைப் பொருளைச் செலுத்தி இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பைப் பார்க்கும் சோதனைகளிலும் சிலரின் தோல் எதிர்வினை காட்டவில்லை. எதிர்ப்பொருளை நம்பாத இன்னொரு பாதுகாப்பும் உடலில் உண்டு, அதுவும் இங்கே தளர்ந்திருக்கிறது என்பதற்கு அவை தடயங்கள்.

1967-இல் வில்லியம் டமஷெக் இந்தத் தடயங்களைச் சேர்த்து ஒரு கருத்தை முன்வைத்தார். நோயெதிர்ப்புத் திறனற்ற லிம்ஃபோசைட்டுகள் மெல்ல மெல்லக் குவிவதே இந்த நோய். அவை வேகமாகப் பெருகுவதில்லை, சாகாமல் தேங்குகின்றன என்றார். அடுத்த முப்பது ஆண்டுப் பாடநூல்களை ஆண்டது இந்தக் கருத்து. அதன் ஒரு பாதி பின்னாளில் தவறாயிற்று. ஆனாலும் நோயையும் நோயெதிர்ப்பையும் ஒரே கேள்வியாக இணைத்தது டமஷெக்கின் பெரும் பங்களிப்பு.

லிம்ஃபோசைட் உண்மையில் என்ன செய்கிறது என்பதே அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை தெரியாது. 1950களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ், அவை இரத்தத்திலிருந்து நிணநீருக்கும் நிணநீரிலிருந்து இரத்தத்துக்கும் சுற்றிக்கொண்டே இருப்பதை எலிகளில் காட்டினார். 1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், லுகேமியா நோயாளிகளின் வெள்ளணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். சிவப்பணுக்களைத் திரட்டி அகற்றுவதற்காக அவர் சேர்த்தது ராஜ்மா விதையிலிருந்து எடுத்த ஒரு சாறு. இயல்பான லிம்ஃபோசைட்டுகள் அந்தச் சாறு பட்டதும் உறக்கம் கலைந்து பெருத்துப் பிளவுபடத் தொடங்கின. வளர்ச்சி முடிந்து சாவுக்குக் காத்திருக்கும் அணு என்று எண்ணப்பட்ட லிம்ஃபோசைட் மீண்டும் பெருகக்கூடியது என்பது அன்று பெரும் செய்தி. இந்தச் சாற்றுச் சோதனை விரைவில் நாள்பட்ட லிம்ஃபோசைட் லுகேமியாவிலும் கையாளப்பட்டது. நோயாளிகளின் அணுக்கள் மந்தமாகவும் தாமதமாகவும் எதிர்வினை காட்டின. அணுக்களில் கோளாறு என்று பலரும் முடிவுகட்டினார்கள். கோளாறு எந்த அணுவில் என்ற கேள்வி அப்போது எழவே வழியில்லை.

அந்த வழியைத் திறந்த ஜாக் மில்லரும் லுகேமியாவைத் தேடி வந்தவர்தான். லண்டனுக்கு வெளியே, குதிரை லாயமாக இருந்து ஆய்வுக்கூடமாக மாற்றப்பட்ட கட்டடம் ஒன்றில் அவர் எலிகளில் வைரஸால் வரும் லுகேமியாவை ஆராய்ந்துவந்தார். அந்த லுகேமியா நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் தொடங்குவது. பிறந்த உடனே தைமஸை நீக்கினால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்பினார். வளர்ந்த எலியிடம் நீக்கினால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. பிறந்த குட்டிகளிடம் நீக்கியபோது அவை சில வாரங்களில் மெலிந்து நோயுற்றன, லிம்ஃபோசைட்டுகள் குறைந்தன, வேறு எலியின் தோலை ஒட்டினால் அதை நிராகரிக்கவும் அவற்றால் முடியவில்லை. பயனற்ற உறுப்பாகக் கருதப்பட்ட தைமஸ், நோயெதிர்ப்புக்கு அடிப்படை என்று 1961-இல் அவர் அறிவித்தார். இன்னொரு பக்கம் ஒஹாயோவில் புரூஸ் க்ளிக், கோழியின் குதப்பகுதியில் இருக்கும் சிறு பையை நீக்கினால் எதிர்ப்பொருள் உண்டாவதில்லை என்று 1956-இலேயே ஒரு கோழியியல் ஆய்விதழில் எழுதியிருந்தார். பல ஆண்டுகள் அதை மருத்துவ உலகம் கவனிக்கவில்லை. 1965-இல் மினியாபொலிஸில் மாக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் கோழிகளில் இரண்டு தனித்தனி லிம்ஃபோசைட் மரபுகள் இருப்பதை நிறுவினார்கள். 1968-இல் மெல்போர்னில் மில்லரும் கிரஹாம் மிட்செலும் எலிகளில் இரண்டும் சேர்ந்தே இயங்குவதைக் காட்டினார்கள். தைமஸிலிருந்து வருபவை டி, எதிர்ப்பொருள் சுரப்பவை பி என்ற பெயர்கள் அடுத்த ஆண்டுகளில் நிலைத்தன.

இனி மனித இரத்தத்தில் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அதற்குக் கிடைத்த கருவி ஆட்டு இரத்தம். மனித டி செல், செம்மறியாட்டின் சிவப்பணுவைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். பி செல் அப்படிச் செய்யாது. அந்நாளைய ஆய்வுக்கூடத்தில் வேலை இப்படி நடந்தது. நோயாளியின் இரத்தத்தை அடர்த்தி மிகுந்த ஒரு கரைசலின் மேல் மெதுவாக ஊற்றிச் சுழற்றுவார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்கும்; லிம்ஃபோசைட்டுகள் இடையில் மெல்லிய வெண்படலமாக நிற்கும். அந்தப் படலத்தைக் குழாயால் உறிஞ்சி, கழுவிய ஆட்டுச் சிவப்பணுக்களோடு கலந்து, குளிரில் இரவு முழுதும் வைப்பார்கள். மறுநாள் குழாயை அதிராமல் உருட்டி ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், சில லிம்ஃபோசைட்டுகளைச் சுற்றிச் சிவப்பணுக்கள் இதழ் விரித்தாற்போல் ஒட்டியிருக்கும். மூன்றுக்குக் குறையாமல் ஒட்டியிருந்தால் அது டி செல். வேகமாக அசைத்துவிட்டால் ஒட்டியவை உதிர்ந்து கணக்கு தவறிவிடும். ஆகவே எண்ணுபவரின் கைப்பக்குவமே முடிவைத் தீர்மானித்தது. லுகேமியா அணுக்கள் எலியின் சிவப்பணுக்களை ஒட்டிக்கொண்டன என்பது இதன் தொடர்ச்சியாகக் கிடைத்த தகவல். நோயறியவும் அது பயன்பட்டது. இதே ஆண்டுகளில் நோயணுவின் மேற்பரப்பில் ஒரே வகை இம்யூனோகுளோபுலின் இருப்பது கண்டறியப்பட்டு, இது பி செல்லின் நோய் என்பது உறுதியானது.

முதலில் வந்த எண்ணிக்கைகள் எதிர்பார்த்தபடியே இருந்தன. இயல்பான இரத்தத்தில் லிம்ஃபோசைட்டுகளில் பெரும்பகுதி டி செல்கள். இந்நோயாளிகளிடமோ நூற்றுக்குச் சில. டி செல்கள் அழிந்துவிட்டன என்று தோன்றும். விகிதத்தை விட்டு மொத்தக் கணக்கைப் பார்த்தபோது காட்சி தலைகீழானது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒரு லட்சம் லிம்ஃபோசைட்டுகள் இருக்கும் நோயாளியிடம் 3 விழுக்காடு மட்டுமே டி செல்கள் என்றாலும், அவை 3,000. நலமாக இருப்பவருக்கு ஏறத்தாழ 700 முதல் 2,100 வரைதான் இருக்கும். அதாவது டி செல்கள் குறையவில்லை, கூடியிருந்தன. ராஜ்மாச் சாற்றுச் சோதனையின் மந்தத்துக்கும் இதில் ஒரு பகுதி விடை கிடைத்தது. அந்தச் சாறு தட்டி எழுப்புவது முக்கியமாக டி செல்களை. கலத்தில் இட்டவற்றில் பெரும்பான்மை பி செல்களாக இருந்தால் எதிர்வினை நீர்த்துப்போவது இயல்பே. பிரித்தெடுத்த டி செல்களைத் தனியே சோதித்தால் என்ன ஆகும் என்பதில் 1970கள் முழுவதும் முரண்பட்ட முடிவுகள் வந்தன. சிலர் அவை நலமாக இருக்கின்றன என்றார்கள். சிலர் இல்லை என்றார்கள். பிரித்தெடுக்கும் முறை கூடத்துக்குக் கூடம் மாறியதால் இந்த வாதம் தீரவில்லை.

தீர்த்து வைத்தது 1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் உருவாக்கிய ஒற்றைக்குல எதிர்ப்பொருள் முறை. அணுவின் மேற்பரப்பிலுள்ள ஒவ்வொரு மூலக்கூறையும் தனித்தனியே அடையாளம் காணும் எதிர்ப்பொருள்களை இனி வேண்டிய அளவு தயாரிக்கலாம். அவற்றில் ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி இயந்திரமும் மருத்துவமனைகளுக்கு வந்தது. டி செல்கள் இரண்டு பெரிய பிரிவுகளாகத் தெரிந்தன. சிடி4 அடையாளம் கொண்டவை மற்ற அணுக்களுக்கு உதவுபவை. சிடி8 அடையாளம் கொண்டவை தொற்றுக்கு ஆளான அணுவைக் கொல்பவை. நலமுள்ள பெரும்பாலோரிடம் சிடி4 பிரிவே அதிகம். நாள்பட்ட லிம்ஃபோசைட் லுகேமியாவில் பலரிடம் இந்த விகிதம் புரண்டு கிடந்தது. சிடி8 பிரிவு அளவு மீறி வளர்ந்திருந்தது. 1982 வாக்கில் வெளிவந்த இந்த முடிவு, பின்னால் வந்த எல்லா ஆய்வுகளுக்கும் அடித்தளம்.

கூடுதலாக இருக்கும் சிடி8 அணுக்கள் எதை நோக்கிப் பெருகின? ஒவ்வொரு டி செல்லும் தனக்கே உரிய ஏற்பியைத் தாங்கியிருக்கிறது. நலமான உடலில் இலட்சக்கணக்கான வேறுபட்ட ஏற்பிகள் கலந்திருக்கும். 1990களில் ஏற்பி மரபணுக்களைப் படித்தபோது, இந்நோயாளிகளிடம் சில குலங்கள் மட்டும் பெருத்து மற்றவற்றை நெருக்கியிருப்பது தெரிந்தது. ஏதோ ஒரு பொருள் அவற்றை ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்க வேண்டும். 2003-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் ஒரு விடை தந்தார்கள். பெரும்பாலோர் இளமையிலேயே பெற்று, வாழ்நாள் முழுதும் உடலில் ஒடுங்க வைத்திருக்கும் சைட்டோமெகலோ வைரஸை நோக்கிய சிடி8 அணுக்கள், அந்த வைரஸைச் சுமக்கும் நோயாளிகளிடம் மிக அதிகமாகப் பெருகியிருந்தன. எல்லா மாற்றத்துக்கும் வைரஸே காரணம் என்று சொல்லிவிட முடியவில்லை. வைரஸ் இல்லாதவர்களிடமும் டி செல்கள் மாறியிருந்தன. புற்றணுவையே நோக்கிய குலங்களும் அவற்றில் இருக்கக்கூடும் என்ற கருத்து அன்றிலிருந்து வலுத்துவருகிறது.

இதற்கிடையே சிகிச்சையும் தன் பங்குக்கு ஒரு பாடம் கற்பித்தது. 1991-இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட ஃப்ளூடராபின், புற்றணுக்களோடு டி செல்களையும் அழித்தது. சிடி4 எண்ணிக்கை சரிந்து மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் மீளாமல் கிடந்தது. எய்ட்ஸ் நோயாளிகளிடம் காணப்படும் நியூமோசிஸ்டிஸ் நிமோனியா இவர்களுக்கும் வந்தது. கேம்பிரிட்ஜில் பிறந்து 2001-இல் அங்கீகாரம் பெற்ற அலெம்டுசுமாப் இன்னும் கடுமையானது. ஒடுங்கியிருந்த சைட்டோமெகலோ வைரஸ் மீண்டும் எழுவது அதன் அறியப்பட்ட ஆபத்து. பழுதுபட்டிருந்தாலும் இந்த டி செல்கள் காவலில்தான் இருந்தன என்பதை அவற்றின் இழப்பே காட்டியது.

பழுது எத்தகையது என்பதை அணுவுக்குள் புகுந்து பார்த்தவர்களில் ஜான் கிரிபனின் குழு முதன்மையானது. அக்குழு 2005-இல் பாஸ்டனிலிருந்து வெளியிட்ட ஆய்வு, நோயாளிகளின் சிடி4, சிடி8 அணுக்களில் நூற்றுக்கணக்கில் மரபணுக்களின் செயற்பாடு மாறியிருப்பதைக் காட்டியது. சிடி8 அணுக்களில் பாதிக்கப்பட்டவற்றுள் அணுவின் உட்சட்டகத்தையும் நச்சுப் பைகளின் போக்குவரத்தையும் ஆளும் மரபணுக்கள் இருந்தன. நலமுள்ளவரின் டி செல்களை லுகேமியா அணுக்களோடு ஒரே கலத்தில் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்தால் அவற்றிலும் இதே போன்ற மாற்றங்கள் வந்தன. 2008-இல் லண்டனில் அதே குழு இதைக் கண்ணால் காட்டியது. டி செல் ஓர் இலக்கைப் பற்றும்போது, தொடும் இடத்தில் ஆக்டின் இழைகள் விரைந்து திரண்டு பட்டையாக நிற்க வேண்டும். அந்தப் பட்டையைப் பிடிமானமாகக் கொண்டே கொல்லும் நச்சுப் பைகள் இலக்கை நோக்கி நகரும். நோயாளிகளின் டி செல்களில் அந்தப் பட்டை உருவாகவே இல்லை, அல்லது அரைகுறையாக உருவானது. லெனலிடோமைட் மருந்தில் ஊறவைத்தால் அது திரும்ப வந்தது. மருந்தால் மீட்கக்கூடிய பழுது என்பதால் இந்தக் கண்டுபிடிப்புக்கு மதிப்பு அதிகம். சிகிச்சையாக அந்த மருந்து எதிர்பார்த்த இடத்தைப் பிடிக்கவில்லை. முதியவர்களிடம் நடந்த பெரிய சோதனை ஒன்று அதிக இறப்புகளால் 2013-இல் நிறுத்தப்பட்டது.

2013-இல் கிரிபனின் குழு டி செல்களின் சோர்வு நிலையை அளந்தது. நீண்டகாலத் தூண்டலில் களைத்துப்போன டி செல்கள் பிடி-1, சிடி160, சிடி244 என்னும் அடையாளங்களைத் தாங்கி நிற்கும். நோயாளிகளிடம் இவை கூடியிருந்தன. கொல்லும் திறன் குறைந்ததன் காரணமும் துல்லியமாகத் தெரிந்தது: கிரான்சைம் என்னும் நச்சுப் புரதம் பைகளில் சரியாக நிரப்பப்படுவதில்லை, நிரம்பிய பைகளும் இலக்கின் பக்கம் திரும்பாமல் நாலாபுறமும் கொட்டிவிடுகின்றன. ஆனால் நாள்பட்ட வைரஸ் தொற்றில் காணும் சோர்வைப் போல் இது முழுமையானதன்று. இன்டர்ஃபெரான் காமா போன்ற வேதித் தூதுகளை இந்த அணுக்கள் இயல்பைவிட அதிகமாகவே சுரந்தன. அந்தச் சுரப்புகள் புற்றணுவுக்கு உதவவும் கூடும் என்பதால், பாதிச் சோர்வு முழுச் சோர்வைவிட நல்லது என்று இங்கே சொல்லிவிட முடியாது. மற்ற டி செல்களை அடக்கி வைக்கும் ஒழுங்காற்று டி செல்களும் இந்நோயில் பெருகியிருப்பதும், நோய் முற்ற முற்ற அவை கூடுவதும் அதே பத்தாண்டில் பல நாடுகளில் உறுதிசெய்யப்பட்டன.

டி செல் மாற்றம் நோய்க்குக் காரணமா, விளைவா? எலிகள் ஒரு பகுதி விடை தந்தன. டிசிஎல்1 மரபணு புகுத்தப்பட்ட எலிகளுக்கு முதுமையில் இந்நோயை ஒத்த லுகேமியா வரும். அவற்றின் லுகேமியா அணுக்களை நலமுள்ள இளம் எலிகளுக்குச் செலுத்தியபோது இளம் எலிகளின் டி செல்களும் அதே வகையில் பழுதடைந்தன. ஆகவே புற்றணு டி செல்லைக் கெடுக்கிறது என்பதில் ஐயமில்லை. எதிர்த்திசையிலும் உண்மை இருந்தது. 2005-இல் நோயாளிகளைக் கனஹைட்ரஜன் கலந்த நீர் அருந்தச் செய்து, புதிதாகப் பிறக்கும் அணுக்களை எண்ணினார்கள். சிலரிடம் நாளொன்றுக்கு மொத்த நோயணுக்களில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் புதிதாகப் பிறந்தன. வெறுமனே தேங்கும் நோய் என்ற டமஷெக்கின் கருத்து அத்தோடு ஆட்டம் கண்டது. இந்தப் பிறப்பு பெரும்பாலும் நடப்பது நிணநீர்க் கணுக்களில், சிடி4 அணுக்களோடு நெருங்கிக் கிடக்கும் கொத்துகளில். 2011-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் நோயெதிர்ப்பு இல்லாத எலிகளில் மனித லுகேமியா அணுக்களை வைத்தபோது, அதே நோயாளியின் டி செல்களும் உடன் இருந்தால்தான் அவை பெருகின. டி செல்களை நீக்கியதும் வளர்ச்சி நின்றது. தன்னைக் கொல்ல வேண்டிய அணுக்களை முடக்கிவிட்டு, அதே இனத்தின் இன்னொரு பிரிவை உணவூட்டும் செவிலியாக இந்தப் புற்றணு வைத்துக்கொள்கிறது.

எது முதலில் என்ற கேள்விக்கு நோய்க்கு முந்தைய நிலையை, அதாவது முன்னிலையைப் பார்க்க வேண்டியிருந்தது. 1990களின் முற்பகுதியில் அமெரிக்காவில் நச்சுக்கழிவு கொட்டிய இடங்களுக்கு அருகே வசித்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, நலமாக இருந்த சிலரிடம் ஒரே குலத்தைச் சேர்ந்த பி செல்கள் சிறு அளவில் தென்பட்டன. 2002-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆண்டி ராஸ்ட்ரனும் துணைவர்களும், இரத்த எண்ணிக்கை இயல்பாக இருந்த, நாற்பது வயதைத் தாண்டிய 910 பேரைச் சோதித்தார்கள். 3.5 விழுக்காட்டினரிடம் லுகேமியா அணுக்களின் அடையாளம் தாங்கிய பி செல்கள் இருந்தன. ஸ்பெயினின் சாலமாங்காவில் 2009-இல் இன்னும் கூர்மையான முறையால் பல இலட்சம் அணுக்களை ஆராய்ந்தபோது இந்த எண்ணிக்கை 12 விழுக்காடாக உயர்ந்தது. ஒற்றைக்குல பி செல் லிம்ஃபோசைட்டோசிஸ் என்று இந்நிலைக்குப் பெயரிட்டு, 2005-இல் பன்னாட்டு வரையறை வகுக்கப்பட்டது: ஒரு மைக்ரோலிட்டரில் 5,000 பி செல்களுக்குக் குறைவு, வேறு நோய்க்குறி ஏதும் இல்லை. 2009-இல் வந்த அமெரிக்க ஆய்வு இன்னும் தீர்மானமானது. 77,000-க்கும் மேற்பட்டோரின் சேமித்த இரத்தத்தில், பின்னால் நோய் வந்த 45 பேரில் 44 பேரிடம் நோய் அறியப்படுமுன்பே அந்தக் குலம் இருந்தது. இந்த முன்னிலை இல்லாமல் நோய் வருவது அரிது. ஆனால் முன்னிலை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. எண்ணிக்கை கூடிய வகையிலும் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காட்டினருக்கே சிகிச்சை தேவைப்படுகிறது. எண்ணிக்கை மிகக் குறைந்த வகை கிட்டத்தட்ட முதுமையின் ஓர் அங்கம்.

டி செல்களின் மாற்றம் இந்த முன்னிலையிலேயே தொடங்கிவிடுகிறது. இத்தாலியில் நடந்த அளவீடுகளில் ஒழுங்காற்று டி செல்கள் நலமுள்ளவர்களிடம் இருந்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவும், நோயாளிகளிடம் இருந்ததைவிடக் குறைவாகவும், இடைப்படியில் நின்றன. சில ஏற்பிக் குலங்கள் பெருத்து நிற்பதும் முன்னிலையில் காணப்பட்டது. இதை நோயின் வேலை என்று மட்டும் படிப்பது கடினம். முன்னிலை முதியவர்களிடம் காணப்படுவது. முதுமையே டி செல் குலங்களைச் சுருக்குகிறது. சைட்டோமெகலோ வைரஸும் அதையே செய்கிறது. சிறிய பி செல் குலம் ஒன்று அத்தனை டி செல்களைக் கெடுக்கப் போதுமா, அல்லது ஒரே தூண்டல் பி செல்லையும் டி செல்லையும் சேர்த்தே எழுப்பியதா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. ஹெபடைடிஸ் சி தொற்று உள்ளவர்களிடம் முன்னிலை அதிகமாகக் காணப்படுவது இரண்டாவது கருத்துக்கு வலு சேர்க்கிறது. நடைமுறையில் இதன் விளைவு கண்கூடானது. மேயோ மருத்துவமனையின் 2013 ஆய்வில், எண்ணிக்கை கூடிய முன்னிலையில் இருந்தவர்களில் 16.2 விழுக்காட்டினர் கடும் தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். புதிதாக நோய் அறியப்பட்டவர்களில் 18.4, மற்றவர்களில் 2.6. புற்றுநோய் என்று பெயர் வருமுன்னரே பாதுகாப்பு தளர்ந்துவிடுகிறது. நிமோனியாவுக்கும் அக்கிக்கும் உரிய தடுப்பூசிகளை இந்நிலையிலேயே போட்டுக்கொள்ளுமாறு மருத்துவர்கள் பரிந்துரைப்பதற்கு இது காரணம். தாமதித்தால் தடுப்பூசிக்கு எதிர்வினை காட்டும் திறனே குறைந்துவிடுகிறது. கொரோனாக் காலத்தில் இஸ்ரேலில் 167 நோயாளிகளைச் சோதித்தபோது, இரண்டு தவணைக்குப் பின்னும் 39.5 விழுக்காட்டினரிடமே எதிர்ப்பொருள் உருவானது.

டி செல்லையே மருந்தாக்கும் முயற்சி, நோவெல் ராஜ்மாச் சாற்றைச் சோதித்த அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2010-இல் கார்ல் ஜூனும் டேவிட் போர்ட்டரும் நோயாளிகளின் டி செல்களை எடுத்து, பி செல்லின் சிடி19 அடையாளத்தைப் பற்றும் செயற்கை ஏற்பியைப் புகுத்தி, பெருக்கித் திரும்பச் செலுத்தினார்கள். கார்-டி என்று அறியப்படும் சிகிச்சை அது. முதல் மூவரில் இருவரிடம் நோய் முழுதும் மறைந்தது. கிலோ கணக்கில் புற்றணுக்கள் அழிந்தன என்று கணக்கிட்டார்கள். அடுத்து 14 பேரிடம் செய்தபோது எட்டுப் பேருக்குப் பலன் கிட்டியது. அவர்களில் நால்வருக்கு முழுமையாக. குழந்தைகளின் தீவிர லுகேமியாவில் இதே சிகிச்சை தந்த பலனோடு ஒப்பிட்டால் இது குறைவு. 2018-இல் வெளிவந்த ஆய்வு காரணத்தைச் சொன்னது. பலன் பெற்றவர்களின் டி செல்கள் நினைவு அணுக்களின் தன்மையோடு இருந்தன. பெறாதவர்களின் டி செல்கள் எடுக்கும்போதே சோர்ந்திருந்தன. பிடி-1 தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தும் இதே பாடத்தைத் தந்தது. 2017-இல் வந்த முடிவில், நாள்பட்ட லிம்ஃபோசைட் லுகேமியாவோடு இருந்த 16 பேரில் ஒருவருக்கும் அது பயன்படவில்லை. நோய் வேகமான லிம்ஃபோமாவாக மாறிய 9 பேரில் நால்வருக்குப் பயன்பட்டது. 2014-இல் இந்நோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட இப்ருட்டினிப், பி செல்லின் உயிர்ச் சமிக்ஞையைத் தடுப்பதற்காக உருவானது. அதை உட்கொள்பவர்களின் டி செல்கள் எண்ணிக்கையிலும் தரத்திலும் மேம்படுவது பிறகு தெரிந்தது. கார்-டி தயாரிப்பதற்கு முன் அம்மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் முயற்சிகளுக்கு இது வழி செய்தது.

2010-இல் முழுக் குணம் பெற்ற இருவரின் இரத்தத்தைப் பத்தாண்டுக்குப் பிறகு ஆராய்ந்த முடிவு 2022-இல் வெளிவந்தது. செயற்கை ஏற்பி தாங்கிய டி செல்கள் இன்னும் அவர்கள் உடலில் இருந்தன. அவற்றில் பெரும்பான்மை உதவி அணுக்களாக வகுக்கப்பட்டிருந்த சிடி4 அணுக்கள். அவை கொல்லும் திறனோடும் இருந்தன. 2024 மார்ச்சில் லிசோகப்டஜீன் என்னும் கார்-டி மருந்து இந்நோய்க்கென அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. சோதனையில் நோய் முழுதும் மறைந்தது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு. இப்ருட்டினிப் போன்ற ஒரு பிடிகே தடுப்பு மருந்தும், பிசிஎல்-2 என்னும் புரதத்தைத் தடுக்கும் ஒரு மருந்தும் உட்பட, குறைந்தது இரண்டு சிகிச்சைகளை ஏற்கெனவே கடந்தவர்களுக்கே இது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இந்த மருந்துக்காக எடுக்கப்படுபவை, நோயோடும் சிகிச்சைகளோடும் பல ஆண்டுகள் கழித்துவிட்ட டி செல்கள்.